சுவர் நெகிழ்ந்தால் வேர் நீளும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

மலரைப் பாடாத கவிஞர் இல்லை. கனியை விரும்பாத குழந்தை இல்லை. வேரைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. மண்ணுக்குள் மறைந்திருப்பதால் அதன் உழைப்பு நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே நம் பள்ளி ஆண்டு மலரில் வேரைப் பற்றி, அதிலும் கோதுமையின் வேரைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

"கோதுமை நம் ஊர்ப் பயிரா? நெல்லைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று என் தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் கோதுமை சாகுபடி மிகக் குறைவு. ஆனாலும் நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உலகில் மிக அதிகமான பரப்பில் பயிரிடப்படும் தானியம் கோதுமையே. மனிதகுலம் உண்ணும் உணவின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து கிடைக்கிறது. நம் விடுதியில் சப்பாத்தி போடும் இரவுகளில் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே வரிசை நீண்டுவிடுகிறதே, அது போதாதா!

நான் கோதுமையைத் தேர்ந்தெடுத்ததற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு. ரேஷன் கோதுமையில் ஒரு கைப்பிடியை இரவில் ஊற வைத்தால் இரண்டாம் நாளே வெள்ளை வெளேரென்று வேர் எட்டிப் பார்க்கும். காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் விஞ்ஞான மன்றத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை உற்றுப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும் என்று சிஸ்டர் கூறினார்கள். "புத்தகத்தில் படித்ததை எழுதாதீர்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள்" என்பது அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. நான் முளைத்த கோதுமையை ஈரமான மை ஒற்றும் தாளின் மேல் பரப்பினேன். வேர் இரண்டு சென்டிமீட்டர் நீண்டதும், மையில் தோய்த்த மெல்லிய நூலால் அதன் நுனியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு கோடு போட்டேன். பத்துக் கோடுகள். ஜூலியஸ் சாக்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டில் அவரை வேரில் செய்து பார்த்த முறை இது.

மறுநாள் காலையில் பார்த்தேன். வேர் நீண்டிருந்தது. ஆனால் எல்லாக் கோடுகளும் விலகவில்லை. நுனியை அடுத்த நான்கைந்து கோடுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் போயிருந்தன. அதற்கு மேலே இருந்த கோடுகள் போட்டது போட்டபடியே இருந்தன. ரப்பரை இழுத்தால் முழுவதும் நீளும். வேர் அப்படி நீள்வதில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால் சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பகுதியில்தான் அதன் வளர்ச்சி முழுவதும் நடக்கிறது!

அந்தப் பகுதியில் அப்படி என்னதான் நடக்கிறது? இதைச் சிஸ்டரிடம் கேட்டேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெரியம்மா மகளிடமும் கேட்டேன். அவர்கள் இருவரும் சொன்னதையும், தேடிக் கொடுத்ததையும் தோழியருக்கு எளிய முறையில் சொல்ல முயல்கிறேன்.

வேரின் நுனியில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. பிறக்கும்போது அவை மிகச் சிறியவை. நுனிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு வந்ததும் ஒவ்வொரு செல்லும் பன்மடங்கு நீள்கிறது. அப்படி நீளும்போது வேர்நுனியை முன்னே தள்ளுகிறது. செல்லுக்குள் நீர் புகுந்து உப்பச் செய்கிறது. அந்த அழுத்தம் மோட்டார் கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கக்கூடும். இத்தனை அழுத்தத்தில் செல் ஏன் வெடிப்பதில்லை? சைக்கிள் டியூபைச் சுற்றி டயர் இருப்பதுபோல், செல்லைச் சுற்றிச் செல் சுவர் இருக்கிறது. செல்லுலோஸ் என்னும் உறுதியான இழைகளும், அவற்றைப் பிணைக்கும் வேறு பொருள்களும் சேர்ந்து பின்னிய பாய் போன்றது அந்தச் சுவர்.

இங்கேதான் சிக்கல். சுவர் இல்லாவிட்டால் செல் வெடித்துவிடும். சுவர் இறுக்கமாகவே இருந்தால் செல் வளராது. வெடிக்கவும் கூடாது, வளரவும் வேண்டும் என்றால் சுவர் என்ன செய்ய வேண்டும்? தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் சிறிதே நெகிழ்ந்து கொடுத்துவிட்டு மறுபடி உறுதியாக வேண்டும். விடுதிச் சமையலறையில் சப்பாத்தி மாவைப் பிசைந்ததும் இடமாட்டார்கள். ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடி வைப்பார்கள். உடனே இட்டால் மாவு சுருங்கிக் கொள்ளும். ஊறிய மாவு கிழியாமல் விரியும். செல் சுவரில் நடப்பது வேறு ரசாயனம் என்றாலும், அந்த நெகிழ்வைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இந்த மாவுதான்.

செல் சுவரை நெகிழ்த்துவது எது? அமிலத்தன்மை கூடினால் சுவர் நெகிழ்கிறது என்பதை 1970-ஆம் ஆண்டையொட்டியே விஞ்ஞானிகள் அறிந்திருந்தார்கள். ஆனால் அதைச் செய்யும் பொருள் பிடிபடவில்லை. 1992-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சைமன் மக்குவீன்-மேசன், டேனியல் காஸ்குரோவ் ஆகியோர் வெள்ளரி நாற்றின் தண்டை எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். கொதிநீரில் இட்டு உயிரற்றதாக்கிய தண்டுத் துண்டை மாறாத விசையில் இழுத்துப் பிடித்து அமிலக் கரைசலில் வைத்தார்கள். அது நீளவில்லை. பிறகு, வளரும் நாற்றுகளின் செல் சுவரிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைச் சிறிதளவு அதில் சேர்த்தார்கள். உயிரற்ற அந்தத் துண்டு மீண்டும் நீளத் தொடங்கியது! அந்தப் புரதத்திற்கு 'எக்ஸ்பான்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

எக்ஸ்பான்சின் சுவரின் இழைகளை வெட்டுவதில்லை. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அவ்வளவுதான். உள்ளிருந்து தள்ளும் நீரின் அழுத்தம் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இனி ஜீன்களுக்கு வருவோம். எந்தப் புரதத்தை, எந்த உறுப்பில், எப்போது தயாரிக்க வேண்டும் என்ற குறிப்பு ஜீன்களில் இருக்கிறது. கோதுமையின் ஜீன் கணக்கைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். நாம் உண்ணும் சாதாரணக் கோதுமை மூன்று புல்லினங்கள் அடுத்தடுத்துக் கலந்து உண்டானது. ஆகவே அதற்கு 42 குரோமோசோம்கள். ஒரே வீட்டில் மூன்று பாட்டிமார் இருந்து, ஒவ்வொருவரும் ரசத்திற்கு ஒரு கைப்பக்குவம் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் பெரும்பாலான ஜீன்களுக்கு மும்மூன்று பிரதிகள் அதில் இருக்கின்றன. மனிதனின் ஜீன் தொகுப்பைவிடக் கோதுமையின் தொகுப்பு ஐந்து மடங்கு பெரியது. அதன் முழு வரைபடம் 2018-இல்தான் வெளியாயிற்று. அதில் எக்ஸ்பான்சின் ஜீன்கள் மட்டும் 241 என்று 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எண்ணிச் சொன்னது.

ஒரே வேலைக்கு 241 ஜீன்களா என்று நானும் வியந்தேன். அக்கா விளக்கினாள். "எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யாதுடி. சிலது வேர்ல, சிலது இலையில, சிலது பால் பிடிக்கிற மணியில. எந்த ஜீன் எங்கே விழிச்சிருக்கு, எங்கே தூங்குதுங்கிறதுதான் விஷயமே!"

இது எத்தனை முக்கியம் என்பது எனக்கு இரண்டாவது சோதனையில் புரிந்தது. ஒரே நாளில் முளைத்த கோதுமையை இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்தேன். ஒன்றில் பஞ்சு எப்போதும் நனைந்திருக்கும். மற்றதில் நாளுக்குச் சில சொட்டுத் தண்ணீர் மட்டும். ஐந்து நாள் கழித்து அளந்தேன். நனைந்த தட்டில் முளை ஆறு சென்டிமீட்டர், வேர் எட்டு சென்டிமீட்டர். வறண்ட தட்டில் முளை இரண்டே சென்டிமீட்டர். ஆனால் வேர் ஆறு சென்டிமீட்டர்! தண்ணீர் குறைந்ததும் மேலே இருப்பது அடங்கிவிட்டது. கீழே இருப்பது தண்ணீரைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது.

தண்ணீர் குறைந்தால் செல்லின் உள்ளழுத்தமும் குறையுமே! பிறகு வேர் எப்படி நீண்டது? மக்காச்சோள வேரை ஆராய்ந்தவர்கள் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். வறட்சியில் வேர்நுனியை ஒட்டிய பகுதியில் எக்ஸ்பான்சினின் செயல் கூடுகிறது, சுவரும் அதற்கு முன்னைவிட எளிதில் இணங்குகிறது என்று 1996-இல் எழுதினார்கள். தள்ளும் வலிமை குறையும்போது, தடுக்கும் சுவர் தானே நெகிழ்ந்து கொடுக்கிறது. என்னே விந்தை!

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதைத் தாத்தாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். நிலக்கடலையும் கேழ்வரகும் போடுவார். கிணற்றில் நீர் இறங்கிப் போய், போட்ட ஆழ்துளைக் கிணறும் வற்றிவிட்டது. அந்தக் கடனை அப்பா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தாத்தா சிரித்தார். "இத நான் எழுபது வருஷமா பாத்துட்டிருக்கேன் கண்ணு. மழை தள்ளிப் போனா நான் இலையப் பாத்து ஏமாற மாட்டேன். ஒரு செடியப் புடுங்கி வேரப் பாப்பேன். வேர் கீழ போயிருந்தா இன்னும் ஒரு வாரம் தாங்கும்."

"அந்த வேரை இன்னும் கீழே போக வைக்கிற ஜீனைத்தான் தாத்தா தேடிக்கிட்டிருக்காங்க."

"தேடட்டும். ஆனா அந்த விதைய வருஷா வருஷம் காசு குடுத்து வாங்கணுமா, இல்ல நானே எடுத்து வெச்சுக்கலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டுச் சொன்னேன். கோதுமை தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். ஆகவே நல்ல ரகம் ஒன்று கிடைத்தால் அதன் குணம் மாறாமல் விதையை எடுத்து வைக்கலாம். ஆனால் வேற்று ஜீனைப் புகுத்திய விதையை யார் விற்பார்கள், என்ன நிபந்தனையோடு விற்பார்கள் என்பது தனிக் கேள்வி. அத்தகைய கோதுமை இந்திய வயல்களில் பயிரிடப்படுவதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் பதில் கிடைத்தாலும் வயலில் கேள்வி முடிந்துவிடாது என்பதைத் தாத்தாவிடம் கற்றுக்கொண்டேன்.

செல் நீள்வதைப் பற்றிய அறிவு நம் நாட்டுச் சோற்றையும் ரொட்டியையும் ஏற்கெனவே மாற்றியிருக்கிறது. 1960-களில் வந்த குட்டைக் கோதுமையை எண்ணிப் பாருங்கள். ஜப்பானின் 'நோரின் 10' என்ற ரகத்தின் குட்டைத்தன்மையை நார்மன் போர்லாக் மெக்ஸிகோவில் தம் ரகங்களில் சேர்த்தார். நம் நாட்டில் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் அவற்றை வரவழைக்க முன்நின்றார். 1966-இல் 18,000 டன் விதை கப்பலில் வந்தது. அந்தக் குட்டை ஜீன்கள் தண்டின் செல்களை அதிகம் நீளவிடாமல் தடுப்பவை. தண்டு குட்டையானதால், உரம் போட்டுக் கதிர் கனத்தாலும் பயிர் சாயவில்லை. விளைச்சல் பெருகியது. போர்லாக்குக்கு 1970-இல் சமாதானத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதே ஜீன்கள், முளையை மூடிக்கொண்டு மண்ணைத் துளைத்து வரும் உறையையும் குட்டையாக்கிவிட்டன. ஆகவே அந்த விதையை ஆழமாக விதைத்தால் முளை மேலே வரத் தடுமாறும். மேல்மண் காய்ந்து அடிமண்ணில் மட்டும் ஈரம் இருக்கும் இடங்களில் இது பெரிய குறை. ஒரு சுவரை இறுக்கினால் இன்னொரு சுவரும் இறுகிவிடுகிறது!

அதற்கு எதிர்ப்பக்கமும் இப்படித்தான். நெற்பயிர் முழுவதிலும் எக்ஸ்பான்சினைக் கூட்டிப் பார்த்தபோது அதன் உயரம், பூக்கும் காலம், விதை பிடிப்பு எல்லாமே மாறிப் போயின. ஆகவே விஞ்ஞானிகள் இடம் பார்த்துத்தான் செயல்பட வேண்டியிருக்கிறது. 2011-இல் சீன விஞ்ஞானிகள் கோதுமையின் எக்ஸ்பான்சின் ஜீன் ஒன்றைப் புகையிலைச் செடியில் சேர்த்தபோது அது வறட்சியை நன்றாகத் தாங்கியது. 2021-இல் சிலி நாட்டிலும் இங்கிலாந்திலும் உள்ள விஞ்ஞானிகள், இளம் கோதுமை மணியில் மட்டும் எக்ஸ்பான்சின் கூடுதலாகச் சுரக்கும்படி செய்தார்கள். மணி பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்பது பழைய அனுபவம். அங்கே எண்ணிக்கை குறையாமலே மணி பெரிதாயிற்று. வயலில் விளைச்சல் 11.3 சதவீதம் கூடியது. இந்தக் குழுவில் இருந்தவர்களுள் ஒருவர், 1992-இல் வெள்ளரித் தண்டை இழுத்துப் பார்த்த அதே மக்குவீன்-மேசன்! வெள்ளரியிலிருந்து கோதுமை மணிக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதற்கெல்லாம் அவசரம் என்ன என்று கேட்கலாம். 2022 மார்ச் மாதம் வட இந்தியாவில் வெப்பம் தாங்க முடியாததாக இருந்தது. மணி முற்றும் நேரத்தில் கோதுமை வெந்துவிட்டது. மே மாதத்தில் அரசாங்கம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போகிறது. எங்கள் தாத்தாவின் கிணற்றுக் கதை அங்கே ஆயிரமாயிரம் வயல்களில் நடக்கிறது. தண்ணீரைப் பயிரிடம் கொண்டு வருவது கடினமாகும்போது, பயிர் தண்ணீரிடம் போக வேண்டியிருக்கிறது. அதற்கு வேர்தானே வழி!

நான் இதை எழுதுவதற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. பொதுத்தேர்வு முடிந்ததும் என்னை வணிகவியல் பிரிவில் சேர்க்க அப்பா விரும்புகிறார். எங்களுக்கு ஒரு சிறு மளிகைக் கடை இருக்கிறது. கடனும் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தால் விரைவில் வேலை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அதில் தவறில்லை. நான் உயிரியல் படித்து, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்படுகிறேன். என் இரண்டு தட்டுகளையும் வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சரிம்மா, வேர் நீளுதுன்னு கண்டுபிடிச்சாச்சு. இதப் படிச்சா யாரு சம்பளம் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"விதை ஆராய்ச்சி நிலையத்துல வேலை இருக்குப்பா. நீங்க அக்காகிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்க" என்றேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் வறண்ட தட்டில் யாரோ சில சொட்டுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அம்மா தான் விடவில்லை என்றார்கள். அக்காவின் தொலைபேசி எண்ணையும் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். பேசிவிட்டாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

அன்புத் தோழியரே! நம் பள்ளிக்கும் உயரமான மதில் இருக்கிறது. விடுதிக்கு மணியும் சட்டமும் இருக்கின்றன. சில நேரம் நாம் முணுமுணுக்கிறோம். சுவரே இல்லாத செல் நிலைக்காது என்று வேர் சொல்கிறது. நெகிழாத சுவருக்குள் எதுவும் வளராது என்பதையும் அதுவே சொல்கிறது. முதலாவது பாடம் நமக்கு. இரண்டாவதைப் பெரியவர்களிடம் பணிவோடு சமர்ப்பிக்கிறேன்!

கீழ்வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கைப்பிடிக் கோதுமை, ஒரு தட்டு, கொஞ்சம் பஞ்சு, ஒரு முழம் நூல், ஒரு சொட்டு மை. இவ்வளவு இருந்தால் போதும். கோடு போடுங்கள், அளந்து எழுதி வையுங்கள். 241 ஜீன்களில் எந்த ஜீன் எந்த வேருக்கு வழிவிடுகிறது என்பதில் இன்னும் கண்டுபிடிக்க வேண்டியது ஏராளம். அதில் ஒன்றையாவது நம் பள்ளி மாணவி ஒருத்தி கண்டு சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.